பிரிண்ட் எடுத்தாச்சு, அப்புறம்? – ஆச்சி பதில்கள்

இந்தத் தடவை வந்த கடுதாசி, மெசேஜ் எல்லாத்துலயும் பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், பிள்ளைங்களுக்கு வீட்டுல பிரிண்ட் எடுத்துக் குடுக்குற தாளு, கார்டு, சார்ட் பத்தி. அதனால இந்த இதழ் முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன். சமையல் கேள்வி அனுப்புனவங்க கோவிச்சுக்காதீங்க, அடுத்த இதழ்ல வந்துரும்.

ஆச்சி, எம்பையன் யூகேஜி. வாட்ஸ்அப் குரூப்ல வர்ற வொர்க்‌ஷீட் பிடிஎஃப் எல்லாம் எறக்கி தினம் பத்துப் பதினஞ்சு தாள் பிரிண்ட் எடுத்துக் குடுக்குறேன். முதல் ரெண்டு தாள் செய்றான், அப்புறம் கசக்கிப் போட்டுட்டு ஓடிர்றான். பிரிண்டருக்கு இங்க் ஊத்தியே மாளல. இவனுக்குப் படிப்புல ஆர்வமே இல்லையோன்னு பயமா இருக்கு.
– ஒரு அம்மா, செக்காலை, காரைக்குடி

பயப்படாத தாயி, பையனுக்கு ஒரு குறையும் இல்ல, தாளுதான் ஜாஸ்தி. அஞ்சு வயசுப் பிள்ளை உக்காந்து ரெண்டு தாள் செய்றதே நல்ல விஷயம், மூணாவது தாளுக்கு அவன் எந்திரிச்சுப் போறான்னா அவன் உடம்பு ஓடணும்னு கேக்குது, அவ்வளவுதான். நான் ஆரம்பப் பள்ளியில இருந்த காலம் பூரா பாத்தது இதுதான், தாளை நிரப்புற பிள்ளை வேற, அந்தத் தாளை வச்சுப் பேசி, வெட்டி, ஒட்டி, விளையாடுற பிள்ளை வேற, ரெண்டாவது பிள்ளைக்குத்தான் மனசுல நிக்கும்.

இப்போதைக்கு ஒண்ணு பண்ணு. தினம் ஒரே தாள். அந்தத் தாளை டிரான்ஸ்பரன்ட் ஃபைல் கவருக்குள்ள சொருகி மேல ஒயிட்போர்டு மார்க்கர்ல எழுதச் சொல்லு, துணியால துடைச்சா போயிரும், அதே தாள் ஒரு மாசம் வரும், இங்க் செலவும் மிச்சம். எழுத்துக்கு முன்னாடி கோடு பழகணும், அதுல ஒரு வரிசை இருக்கு, நிக்கிற கோடு, படுக்குற கோடு, வட்டம், கூட்டல் குறி, அப்புறம் சதுரம், சாய்கோடு, கடைசியாத்தான் முக்கோணம். உங்க பையன் முக்கோணத்தைக் கூர் வச்சுப் போடலைன்னா அவன்கிட்ட போய் பக்கம் பக்கமா அ ஆ எழுதுன்னு உக்கார வைக்காத, கை இன்னும் தயாராகல.

நம்ம எழுத்துல சுழி ஜாஸ்தி இல்லையா, அ, ஆ, ஓ எல்லாமே சுழிச்சுத்தான் வரும். அதனால ஒரு தாள் நிறைய பெரிய தேன்குழல் ஒண்ணு வரைஞ்சு, நடுவுலேர்ந்து வெளிய வரைக்கும் முதல்ல வெரலால ஓட்டச் சொல்லு, அப்புறம் கிரயான்ல. அது முடிஞ்சா வெளியிலேர்ந்து உள்ளுக்கு. புள்ளி வச்ச எழுத்து மேல ட்ரேஸ் பண்ற தாளை விட இது அஞ்சு வயசுக்கு ரொம்ப நல்லது. இன்னொண்ணு கத்தரிக்கோல். மொனை மழுங்குன பிள்ளைங்க கத்தரிக்கோலா வாங்கி, தடிசா பிரிண்ட் எடுத்த நேர்கோட்டை வெட்டச் சொல்லு, அது வந்ததுக்கு அப்புறம் வளைவு, அதுக்கப்புறம் வட்டம். வெட்டுற கைக்கு பென்சில் தானா அடங்கும். நீ கூட உக்காரு, பத்து நிமிஷம் போதும், போனை உள்ள வச்சுட்டு உக்காரு.

வணக்கம் ஆச்சி. மகள் ரெண்டாவது படிக்கிறா. அ முதல் ஃ வரைக்கும் தெரியும், க ங ச வும் சொல்றா. ஆனா கெ, கே, கொ, கோ வந்தா எல்லாம் கலந்துருது. 247 எழுத்தும் ஒரே சார்ட்ல பிரிண்ட் எடுத்து செவுத்துல ஒட்டிட்டேன், தினம் படிக்க வைக்கிறேன், ஏறவே மாட்டேங்குது. வேற சார்ட் எதுவும் இருக்கா?
– ஒரு அப்பா, தேவகோட்டை

தம்பி, சார்ட்டுல தப்பு இல்ல, ஆனா 247ஐ ஒரே நேரத்துல பாக்குற பிள்ளைக்கு அது ஒரு கூட்டமாத்தான் தெரியும், அதுக்குள்ள இருக்கற ஒழுங்கு தெரியாது. அந்த ஒழுங்கைக் கையால தொட்டுப் பாக்குற மாதிரி ஒரு சாமான் செய்யலாம், சார்ட் பேப்பரும் கத்தரிக்கோலும் போதும்.

ஏ4 தாளை நீளவாக்குல நாலு செமீ அகலத்துக்குப் பட்டையா வெட்டுங்க, ஒரு தாளுல அஞ்சு பட்டை வரும். ஒரு பட்டையில க ங ச ஞ ட ண ன்னு 18 எழுத்தையும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா எழுதுங்க, தாளோட நீளம் 29.7 செமீ, ஒரு எழுத்துக்கு ஒண்ணரை செமீ விட்டா 27ல முடிஞ்சுரும், மேலயும் கீழயும் பிடிச்சு இழுக்க எடம் மிச்சம். இப்ப ஒரு கெட்டி அட்டையில பட்டை நுழையற அகலத்துக்கு ரெண்டு கீறல், ஒண்ணுக்கு மேல ஒண்ணா, நடுவுல ஒரு எழுத்து உயரம் மட்டும் விட்டு. கீழ்க் கீறல் வழியா பட்டையை முன்னால கொண்டாந்து மேல் கீறல் வழியா பின்னால விட்டுட்டா ஒரு நேரத்துக்கு ஒரே எழுத்துதான் தெரியும், இழுக்க இழுக்க மாறும்.

இதுக்கப்புறம்தான் விஷயமே. தனியா அஞ்சு துண்டு அட்டை வெட்டி துணைக்கால், ஒத்தக் கொம்பு, ரெட்டக் கொம்பு, ஐகாரத்துக்கு வர்ற இணைக்கொம்பு, ஔகாரத்துக்கு வர்ற ள, இந்த அஞ்சையும் எழுதிக்கங்க. எழுத்துக்கு வலப்பக்கம் துணைக்காலை வச்சா கா, இடப்பக்கம் ஒத்தக் கொம்பு வச்சா கெ, ரெட்டக் கொம்புன்னா கே, ஒத்தக் கொம்பும் துணைக்காலும் ரெண்டு பக்கமும் வச்சா கொ, ரெட்டக் கொம்பும் துணைக்காலும்னா கோ. உங்க மகளுக்குக் குழம்புறது இந்த எடம்தானே, ஒத்தையா ரெட்டையான்னு அவளே எடுத்து வச்சு, குறிலா நெடிலான்னு வாயால சொல்லிப் பாக்கட்டும், ரெண்டு மூணு நாள்ல பிடிபட ஆரம்பிக்கும். இதோட கை, கௌ, அகரம் மூணு வரிசையையும் சேத்தா எட்டு வரிசை, 8 பெருக்கல் 18, 144 எழுத்து, மொத்த உயிர்மெய் 216ல மூணுல ரெண்டு பங்கு, எல்லாம் ஒரு பட்டையும் அஞ்சு துண்டும் வச்சு வந்துருது பாருங்க. பழைய ஆளுங்களுக்கு இது சரியா வந்திருக்காது, ணா, றா, னா, ணை, லை ன்னு 13 எழுத்துக்கு தனி வடிவம் இருந்துச்சு, 1978ல அரசாங்கம் எழுத்துச் சீர்திருத்தம் கொண்டு வந்ததுக்கப்புறம்தான் எல்லாம் ஒரே மாதிரி ஆச்சு. வீட்டுல ஐயா பழைய முறையில எழுதிக் காட்டுனா பிள்ளை முழிக்கும், அதையும் சொல்லி வைங்க.

மிச்சம் இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம், நாலு வரிசை. இகரம் ஈகாரம் பிரச்சனை இல்ல, எல்லாம் தலைக்கு மேல கொக்கி, டி, டீ ரெண்டு மட்டும் வேற மாதிரி. உகரம்தான் கஷ்டம், அதைப் பட்டையில பண்ண முடியாது, அதுக்குத் தனித்தாள் ஒண்ணு, மூணு கூட்டமாப் பிரிச்சு பிரிண்ட் எடுங்க: கு டு மு ரு ழு ளு ஒரு கட்டம், ஙு சு பு யு வு ஒரு கட்டம், ஞு ணு து நு லு று னு ஒரு கட்டம். ஒரு வாரத்துக்கு ஒரு கட்டம் மட்டும். செவுத்துல ஒட்டுன பெரிய சார்ட்டைக் கிழிச்சுராதீங்க, இதெல்லாம் முடிஞ்சு அவ அதுல தேடிக் கண்டுபிடிக்கறதுக்கு அது வேணும்.

வொர்க்‌ஷீட்டை லேமினேட் பண்ணலாமா வேணாமா?
– புதுவயல் வாசகி

திரும்பத் திரும்பத் தொடுற கார்டு, கேம் போர்டுன்னா பண்ணுங்க. எழுதி முடிக்குற தாளுக்கு வேணாம், காசும் வீண் பிளாஸ்டிக்கும் வீண்.

ஆச்சிக்கு வணக்கம். மகன் குடும்பம் சிங்கப்பூர்ல. ஏழு வயசுப் பேத்தி ஜூன் லீவுக்கு வர்றா. தமிழ் புரியும், பேச வெக்கப்படுவா, வாசிக்கத் தெரியாது. வந்தா டேப்லெட்டோட ஒரு மூலையில உக்காந்துக்கிறா. இந்தத் தடவை ஏதாவது தாளு கீளு ரெடி பண்ணி வச்சா அவளைக் கொஞ்சம் இழுக்கலாமான்னு பாக்குறேன். எனக்கு கம்ப்யூட்டர் தெரியாது, பக்கத்து வீட்டுப் பையன் பிரிண்ட் எடுத்துத் தருவான்.
– ஒரு அப்பத்தா, கானாடுகாத்தான்

ஆச்சி, உங்க கேள்வியைப் படிச்சதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஏன்னா நீங்க பாடம் நடத்தணும்னு கேக்கல, பேத்தி பேசணும்னு கேக்குறீங்க. கடையில விக்கிற தமிழ் ஆக்டிவிட்டி புக்குல ஆப்பிளும் ஒட்டகமும்தான் இருக்கும். நீங்க உங்க வீட்டையே தாளாக்கிருங்க.

முதல் தாள், வீட்டு வரைபடம். பக்கத்து வீட்டுப் பையனை விட்டு உங்க வீட்டோட தளத்தைக் கோடா வரையச் சொல்லுங்க, அழகெல்லாம் வேணாம், முகப்பு, வளவு (நடு முற்றம்), வளவைச் சுத்தி உள்ள அறைங்க, ரெண்டாம் கட்டு, அடுப்படி, கிணறு எங்கன்னு தெரிஞ்சா போதும். பேரு எதுவும் எழுதாம வெறும் கட்டமா பிரிண்ட் எடுங்க. பேரை எல்லாம் தனித் துண்டுல பெரிய எழுத்துல எடுத்து ஒரு ஓலைக் கொட்டான்ல போட்டு வைங்க. பேத்தி வந்ததும் கையில தாளைக் குடுத்து வீடு பூரா சுத்தச் சொல்லுங்க, இது என்ன அப்பத்தான்னு அவ கேப்பா, நீங்க சொல்லுங்க, அவ அந்தத் துண்டைத் தேடி ஒட்டுவா. வாசிக்கத் தெரியாட்டியும் பரவால்ல, வளவுங்கற மூணெழுத்தை அவ வளவுல நின்னுக்கிட்டே பாக்குறா, அது அழியாது.

ரெண்டாவது, ஆளுங்க கார்டு. வீட்டு போட்டோவுலேர்ந்து ஒவ்வொருத்தர் முகத்தையும் ஒரு கார்டா எடுத்து, பின்னால அவ அவங்களை என்ன முறை சொல்லிக் கூப்பிடணும்னு எழுதுங்க, அப்பத்தா, ஆயா, ஐயா, பெரியப்பச்சி, அயித்தைன்னு. அங்க இவங்க எல்லாரும் அவளுக்கு அங்கிள் ஆன்ட்டி, இங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு எடம் இருக்குன்னு பிள்ளைக்குத் தெரியறதே பெரிய படிப்பு. விசேஷத்துக்குப் போறப்போ இந்தக் கார்டு கட்டை அவ கையில குடுத்து, ஆளைக் கண்டுபிடிச்சு முறை சொல்லிக் கூப்பிட்டா அந்தக் கார்டு அவளுக்குன்னு வைங்க, வெக்கம் எங்க போச்சுன்னே தெரியாது. நீங்க நகரத்தார்னா (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கூடவே உங்க குலப் பிரிவுக்கு உள்ள ஒன்பது கோயில் கார்டும் போடலாம், இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி, இதுல நம்ம கோயில் எதுன்னு எடுக்கச் சொல்லுங்க, நேர்ல கூட்டிட்டும் போங்க.

மூணாவது பலகாரத் தாம்போலா. ஒன்பது கட்டம் போட்ட தாள், ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு படமும் பேரும், கந்தரப்பம், வெள்ளைப் பணியாரம், கும்மாயம், மனகோலம், சீயம், தேன்குழல், மாவுருண்டை இப்படி. லீவு முடியறதுக்குள்ள எதை எதைச் சாப்பிட்டாளோ அந்தக் கட்டத்துல ஒரு புளியங்கொட்டையை ஒட்டச் சொல்லுங்க. இதுக்கு நீங்க கொஞ்சம் அடுப்படியில நிக்க வேண்டி வரும், அது உங்களுக்கே பிடிக்கும்னு தெரியும்.

வாசிக்கக் கதை வேணும்னா ப்ரதம் புக்ஸ்காரங்க 2015ல ஆரம்பிச்ச ஸ்டோரிவீவர் தளத்துல தமிழ்க் கதைங்க படத்தோட இலவசமா எறக்கிக்கலாம், முதல் நிலைக் கதையில பக்கத்துக்கு ஒண்ணு ரெண்டு வரிதான். பையனை விட்டு நாலஞ்சு எடுத்து வைங்க, ராத்திரி படுக்கப் போறப்போ நீங்க வாசிங்க, அவ படத்தைப் பாக்கட்டும்.

மூணாவது படிக்கிற பையனுக்கு வாய்ப்பாடு வரல, அஞ்சாவது படிக்கிற பொண்ணுக்குப் பின்னம் வரல. ரெண்டு பேருக்கும் நெட்டுல கலர் கலரா சார்ட் இருக்கு, எதை எடுக்க?
– ஒரு அம்மா, பள்ளத்தூர்

எதையும் எடுக்க வேணாம்மா, வெறும் கட்டம் போட்ட தாளே போதும். பையனுக்குப் பத்துக்குப் பத்து கட்டம் ஒண்ணு பிரிண்ட் எடுத்து, மேலயும் பக்கத்துலயும் 1 முதல் 10 எழுதி, பெருக்கி நிரப்பச் சொல்லு. நிரப்புனதும் மூலைக்கு மூலை குறுக்க மடிக்கச் சொல்லு, 3 ஏழும் 21, 7 மூணும் 21, ஒண்ணு மேல ஒண்ணு வந்து உக்காருறது தெரியும். அப்ப பாதி படிச்சா பாதி சும்மா வருது. ஒண்ணாம் வாய்ப்பாடும் பத்தாம் வாய்ப்பாடும் யாருக்கும் கஷ்டமில்ல, அதை விட்டா 2 முதல் 9 வரைக்கும் மொத்தமே 36 பெருக்கல்தான். அதுல ரெண்டும் அஞ்சும் வர்றது 15, அது ஈசியா வந்துரும். மிச்சம் 21, அதுலயும் 6, 7, 8, 9 தங்களுக்குள்ள பெருக்குறது 10. அந்த 21 மட்டும் கார்டா வெட்டி, முன்னால கேள்வி பின்னால விடை எழுதி, நாளைக்கு மூணு கார்டு. நூறு கணக்குன்னு மலைச்சு நின்ன பிள்ளைக்கு 21 கார்டைக் கையில குடுத்துப் பாரு, மொகமே மாறும்.

பொண்ணுக்கு ஒரு ஏ4 தாள். அதைப் பாதியா மடிச்சா அரை, இன்னொரு மடிப்பு கால், இன்னொண்ணு அரைக்கால், நாலாவது மடிப்புல வீசம், அதாவது 16ல ஒரு பங்கு. ஏ4 தாளைப் பாதியாக்குனா அதே வடிவத்துல சின்னத்தாள் வரும், நீள அகல விகிதம் மாறாது, அதனால இதுக்கு அதை விட நல்ல தாள் கிடையாது. அரைக்கால், வீசம் எல்லாம் நம்ம பக்கத்து ஐயாமாருங்க பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கணக்கெழுதப் போறதுக்கு முன்னாடி மனப்பாடமா வச்சிருந்த பின்னம், கடையில வேலை பழக பெட்டியடிப் பையனா சேர்றவனுக்கே அது தெரிஞ்சிருக்கணும். மடிச்ச தாளைப் பிரிச்சு, ஒரு காலுக்குள்ள எத்தனை வீசம்னு எண்ணச் சொல்லு, நாலுன்னு அவளே சொல்லுவா, 1/4ம் 4/16ம் ஒண்ணுன்னு நீ சொல்லிக் குடுக்கவே வேண்டியதில்ல.

ஆச்சி, சாயங்காலம் எங்க தெருப் பிள்ளைங்க இருபது பேருக்கு சும்மா பாடம் சொல்லித் தர்றேன், ஒண்ணாவதுலேர்ந்து ஏழாவது வரை எல்லாம் கலந்து. ஆளுக்கொரு வொர்க்‌ஷீட் எடுக்க என்கிட்ட காசில்ல. வாரத்துக்கு அஞ்சாறு ஜெராக்ஸ்தான் முடியும்.
– ஒரு கல்லூரி மாணவி, நாச்சியாபுரம்

நல்லாயிரு தாயி. அஞ்சாறு ஜெராக்ஸ் தாராளம், ஆளுக்கு ஒண்ணு வேணாம், கூட்டத்துக்கு ஒண்ணு எடு. வகுப்பை வச்சுப் பிரிக்காம, பிள்ளைக்கு என்ன வருதுங்கறதை வச்சுப் பிரி. அரசுப் பள்ளியில 2022ல வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்துல அரும்பு, மொட்டு, மலர்னு நிலை வச்சு அதைத்தான் செய்றாங்க, மூணாவது படிச்சாலும் எழுத்து தெரியலைன்னா அரும்புலதான் உக்காரும், அதுல அவமானம் ஒண்ணும் இல்ல.

முதல் ஜெராக்ஸ், புள்ளித்தாள். வெறும் புள்ளி மட்டும். பெரிய பிள்ளைங்களுக்கு நேர்ப்புள்ளி, நடுவுல 7, ரெண்டு பக்கமும் 5, 3, 1, மொத்தம் எத்தனைன்னு எண்ணாம சொல்லச் சொல்லு, 25. அப்புறம் இடைப்புள்ளி, நடுவுல 7, ரெண்டு பக்கமும் 6, 5, 4ல முடியும், அது 37. கூட்டுறதுக்கு ஆளுக்கொரு வழி கண்டுபிடிப்பாங்க, அதை எல்லாரும் பலகையில வந்து காட்டணும். சின்னதுங்க அதே தாளுல புள்ளியைச் சேத்துக் கோலம் போடட்டும். தாளுல போட்டது வந்துருச்சுன்னா வாசல்ல மாவுல போட்டுப் பாக்கட்டும், வாசலுக்கு ஜெராக்ஸ் செலவு கிடையாது.

ரெண்டாவது, தரையில பதிக்கற ஆத்தங்குடிக் கல்லு. எட்டுக்கு எட்டு கட்டம் போட்டு, நடுவுல நெட்டையும் குறுக்கயும் தடிச்ச கோடு ஒண்ணு ஒண்ணு. நாலுல ஒரு மூலையில மட்டும் பூ மாதிரி சில கட்டத்துக்கு நீ கலர் அடிச்சுக் குடு, மிச்ச மூணு மூலையையும் கண்ணாடியில தெரியற மாதிரி அவங்க முடிக்கணும். சமச்சீர்னு ஆறாவதுல படிக்கறது இதுதான். நாலு கல்லு சேந்தாத்தான் ஒரு பூ முழுசாகுற டிசைன் எத்தனை வீட்டுத் தரையில இருக்கு, பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய் எந்தக் கோட்டுல மடிச்சா ஒண்ணா வரும்னு தரையில உக்காந்து பாக்கச் சொல்லு. முடிஞ்சா ஆத்தங்குடிக்கே ஒரு சனிக்கிழமை கூட்டிட்டுப் போ, கண்ணாடி மேல அச்சை வச்சு கலர் சிமெண்ட் ஊத்தி, மண்ணும் சிமெண்டும் போட்டு அவங்க கல்லு செய்றதைப் பாத்த பிள்ளை மறக்காது.

மூணாவது, ஆடு புலி ஆட்டம். ஒரே ஒரு போர்டு ஜெராக்ஸ், 23 எடம், 3 புலி, 15 ஆடு, காய்க்குப் புளியங்கொட்டையும் கூழாங்கல்லும். ஆட்டுக்காரன் புலியை அடைக்கணும், புலிக்காரன் தாண்டித் தாண்டி ஆட்டை வெட்டணும், அடுத்த ரெண்டு நகர்வை யோசிக்காம இதுல ஜெயிக்க முடியாது. ஒரு ஆட்டம் முடிஞ்சதும் எந்த எடத்துல தோத்தேன்னு ஒரு வரி எழுதச் சொல்லு, அதுதான் அன்னைக்குக் கட்டுரைப் பயிற்சி.

அட்டைக்கு காசு செலவு பண்ணாத. நம்ம ஊர்ல கல்யாணப் பத்திரிகைக்குப் பஞ்சமா, கெட்டி அட்டை, பின்பக்கம் காலி, சாமி படம் இருக்கற பகுதியைத் தனியா எடுத்து வச்சுட்டு மிச்சத்தைக் கார்டா வெட்டிக்க. வீடு வீடா கேட்டா சந்தோஷமாக் குடுப்பாங்க.

வீட்டுல வேர்டுல தமிழ்ல டைப் பண்ணி பென் டிரைவ்ல கொண்டு போனா ஜெராக்ஸ் கடையில கட்டம் கட்டமா வருது. இன்னொரு தடவை ஸ்கேல் படம் பிரிண்ட் எடுத்தேன், நிஜ ஸ்கேலோட ஒத்துப்போகல.
– ஒரு ஆசிரியர், கண்டனூர்

ரெண்டும் ரெண்டு விஷயம் தம்பி. நீங்க பாமினி மாதிரி பழைய எழுத்துருல டைப் பண்ணியிருப்பீங்க, கடைக்காரர் கம்ப்யூட்டர்ல அது இல்லாட்டி குப்பையாத்தான் வரும். யூனிகோடுல டைப் பண்ணுங்க, எதுல பண்ணாலும் பிடிஎஃப்பா மாத்தி அதைக் கொண்டு போங்க, எழுத்து உள்ளயே உக்காந்துரும். ஸ்கேல், கிராஃப், கோணமானி இதெல்லாம் எடுக்கறப்போ பிரிண்ட் பண்ற எடத்துல ஃபிட் டு பேஜ்னு இருக்கறதை எடுத்துட்டு ஆக்சுவல் சைஸ் வைக்கச் சொல்லுங்க, இல்லேன்னா தாளுக்குத் தக்கன சுருக்கிரும். அமெரிக்கா பக்கத்து பிடிஎஃப் பெரும்பாலும் லெட்டர் சைஸ், 216க்கு 279 மிமீ, நம்ம ஏ4 210க்கு 297, அப்படியே எடுத்தா ஓரம் வெட்டுப்படும், அதையும் பாத்துக்கங்க. எடுத்த உடனே கடையிலேயே ஒரு நிஜ ஸ்கேலை மேல வச்சு அளந்துருங்க.

நான் எட்டாவது படிக்கிறேன் ஆச்சி. என்எம்எம்எஸ் உதவித்தொகைப் பரீட்சை எழுதப் போறேன். கேள்வித்தாள் நிறைய போட்டுப் பாத்துட்டேன், வேற என்ன பிரிண்ட் எடுக்கலாம்?
– ஒரு மாணவன், குன்றக்குடி

ஓஎம்ஆர் தாள் எடுப்பா. மனத்திறனுக்கு 90 கேள்வி, படிப்புத் திறனுக்கு 90 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 90 நிமிஷம், அதாவது ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம், அதுக்குள்ளதான் வட்டத்தைக் கருப்பாக்கவும் வேணும். விடை தெரிஞ்ச பிள்ளைங்களே வரிசை மாத்திக் கருப்பாக்கி மார்க்கை விட்டுருவாங்க. பேனா, கடிகாரம், ஓஎம்ஆர் தாள் மூணையும் வச்சு முழுசா எழுதிப் பாரு, கேள்வி எண்ணையும் வட்டத்து எண்ணையும் பத்து பத்துக் கேள்விக்கு ஒரு தடவை சரி பாத்துக்க. ஜெயிச்சா மாசம் 1000 ரூபா, ஒன்பதாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் வரும், உங்க வீட்டுக்கு அது உதவியா இருக்கும். நல்லா எழுது அப்பு.

பத்தாவது படிக்கிறேன். அறிவியல் சமூக அறிவியல் ஒரு மார்க் கேள்வி எல்லாம் பக்கம் பக்கமா பிரிண்ட் எடுத்து ஃபைல் போட்டுட்டேன். படிச்சா அடுத்த வாரம் மறந்துருது.
– ஒரு மாணவி, கோட்டையூர்

ஃபைலுக்குள்ள போனது மண்டைக்குள்ள போனதா ஆகாதும்மா. தாளை வெட்டு. ஒரு கேள்வி ஒரு துண்டு, பின்னால விடை. மூணு டப்பா எடுத்துக்க. எல்லாக் கார்டும் முதல்ல ஒண்ணாம் டப்பா, அதைத் தினம் பாக்கணும். சரியாச் சொன்ன கார்டு ரெண்டாம் டப்பாவுக்குப் போகும், அதை மூணு நாளைக்கு ஒரு தடவை. அதுலயும் சரின்னா மூணாம் டப்பா, வாரம் ஒரு தடவை. எந்த டப்பாவுல தப்பா சொன்னாலும் அந்தக் கார்டு திரும்ப ஒண்ணாம் டப்பாவுக்கே வரணும், இதுல சலுகை கிடையாது. 1970கள்ல ஜெர்மனியில ஒரு பத்திரிகைக்காரர் எழுதிப் பரப்புன முறை இது, இன்னைக்குப் போன்ல வர்ற பல ஆப்பும் இதைத்தான் உள்ள வச்சிருக்கு. ஆனா உனக்குக் கார்டுதான் நல்லது, ஏன்னா கார்டை நீயே உன் கையால எழுதுவ. பிரிண்ட் எடுத்ததை அப்படியே வெட்டாத, கேள்வியைப் பாத்து விடையை நீ எழுது, எழுதறப்பவே பாதி ஏறிரும். விடையைப் பாக்குறதுக்கு முன்னாடி வாய் விட்டுச் சொல்லணும், மனசுக்குள்ள தெரியும் தெரியும்னு திருப்பிட்டா அது கணக்குல வராது.

வரைபடத்துக்கு மட்டும் வேற வழி. வெறும் இந்திய அவுட்லைன் மேப்பு பத்து ஜெராக்ஸ் எடு, அட்லஸ் பாக்காம ஆறெல்லாம் போட்டுப் பாத்துட்டு அப்புறம் அட்லஸோட ஒப்பிடு, தப்பை மட்டும் சிவப்புல திருத்து. அடுத்த நாள் புதுத்தாள்.

மூணாவது படிக்கிற பொண்ணு வாசிக்கறப்போ வரி தாண்டிப் போயிடுறா, ஒரே எழுத்தை ஒரு வரியில சரியாவும் அடுத்த வரியில தப்பாவும் சொல்றா. வாயால கேட்டா எல்லாம் டாண் டாண்னு சொல்லுவா. சோம்பேறித்தனம்னு வீட்டுல திட்டுறாங்க, எனக்கு மனசு கேக்கல. தனியா வொர்க்‌ஷீட் எதுவும் இருக்கா ஆச்சி?
– ஒரு அம்மா, திருப்பத்தூர்

நீ நெனைக்கறதுதான் சரி தாயி. வாயால சொல்ற பிள்ளை தாளைப் பாத்தா தடுமாறுதுன்னா அது சோம்பேறித்தனம் இல்ல, திட்டறதை முதல்ல வீட்டுல எல்லாரும் நிறுத்தணும், நான் சொன்னேன்னே சொல்லு. கண்ணு சரியா இருக்கான்னு டெஸ்ட் பண்ணிரு, பவர் இருந்து யாரும் கவனிக்காம விட்டிருக்கலாம். கண்ணு நல்லா இருக்குன்னா பள்ளிக்கூடத்துல கேட்டு வட்டார வள மையத்துல இருக்கற சிறப்பாசிரியரைப் பாரு, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துல அதுக்குன்னே ஆள் போட்டிருக்காங்க, காசு எதுவும் கிடையாது. வாசிக்கறதுல இப்படி சிரமப்படுற பிள்ளைங்க நிறைய பேரு, சரியான முறையில சொல்லிக் குடுத்தா நல்லா வருவாங்க, அதுக்கு சீக்கிரமா பாக்கணும், அவ்வளவுதான்.

தாளுல மாத்தம் பண்ணலாம். புத்தகத்துப் பாடத்தையே 18, 20 அளவு எழுத்துல, வரிக்கு வரி நல்லா எடம் விட்டு, ஒரு பக்கத்துக்கு அஞ்சாறு வரி மட்டும் வர்ற மாதிரி பிரிண்ட் எடு. பாடநூலு எல்லாம் பிடிஎஃப்பா இலவசமாக் கிடைக்குது, ஆனா அதைப் பெருசாக்கி எடுத்தா வரி நெருக்கம் அப்படியே இருக்கும், அதனால நீயே டைப் பண்றதுதான் நல்லது. படம், பார்டர், பூ எதுவும் பக்கத்துல வேணாம், அந்தப் பிள்ளைக்குக் கண்ணை இழுக்கும். பளிச்சுனு வெள்ளைத் தாள் கூசுதுன்னா லேசா மஞ்சள் கலந்த தாளுல எடுத்துப் பாரு, எதுல சௌகரியம்னு அவளே சொல்லட்டும்.

இன்னொண்ணு ஜன்னல் அட்டை. கருப்பு சார்ட்ல பக்கத்து அகலத்துக்கு ஒரு துண்டு, நடுவுல ஒரே ஒரு வரி தெரியற அளவுக்கு நீட்டமா வெட்டிரு. அதை வரி மேல வச்சு வாசிக்கச் சொல்லு, மேல் வரியும் கீழ் வரியும் மறைஞ்சுரும், தாண்டிப் போக எடமே இல்ல. பள்ளிக்கூடத்துக்கும் குடுத்து விடு, டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிரு. தினம் அஞ்சு வரி, நீ ஒரு வரி அவ ஒரு வரி, தப்பு வந்தா நிறுத்தாம நீ சரியாச் சொல்லிட்டுப் போயிரு. கண் டெஸ்ட்டுக்கு இந்த வாரமே கூட்டிட்டுப் போ, ஜன்னல் அட்டையை அதுக்கும் முன்னாடி இன்னைக்கு ராத்திரியே வெட்டிரு.